எல்லாம் சேர்த்து வாடகை: சென்னையில் வீடு எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

“எல்லாம் சேர்த்து பதினெட்டாயிரம் தம்பி. கரன்ட், தண்ணி, எதுக்கும் தனியா கேக்க மாட்டேன்.”

மடிப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டைப் பார்க்கப் போனபோது ஓனர் இப்படிச் சொன்னார். அதற்கு முன் மூன்று வாரம் வெயிலில் டூ-லெட் போர்டு தேடி அலைந்திருந்தேன். மெயின்டனன்ஸ் தனி, மோட்டார் காசு தனி, லாரித் தண்ணி வந்தால் அது தனி என்று ஆளுக்கொரு கணக்கு சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இது தேனாக இனித்தது. அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். செப்டம்பரில் குடிபோனேன், மார்ச் வரை ஒரு தொல்லையும் இல்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்தவர், “ராத்திரி பூரா ஏசி ஓடுது போலிருக்கே, அது நம்ம பேச்சுல இல்லையே தம்பி” என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. எங்கள் பேச்சில் ஏசி என்ற சொல்லே வரவில்லை, ‘எல்லாம்’ என்ற சொல் மட்டும்தான் வந்தது.

அந்த ஒரு சொல்லை உடைத்துப் பார்ப்பதுதான் இந்த வழிகாட்டி. எனக்குத் தெரிந்த ஊர் சென்னை என்பதால் சென்னையை வைத்தே எழுதுகிறேன். மின்வாரியக் கணக்கும் வாடகைச் சட்டமும் தமிழ்நாட்டு நகரங்கள் எல்லாவற்றிலும் ஒன்றுதான், தண்ணீர் கதைதான் ஊருக்கு ஊர் மாறும்.

1. ஓனர் ஏன் சேர்த்துச் சொல்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

வீட்டைப் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். சேர்த்துச் சொல்வதற்குச் சில நல்ல காரணங்கள் உண்டு. வயதான ஓனர், மாதாமாதம் கணக்குப் பார்க்க முடியவில்லை என்பார். கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் போட்டு ஆறு மாதம், எட்டு மாதம் தங்குபவர்களுக்கு விடும் வீடுகளில் இது வழக்கம். ஆனால் தனி வீட்டின் மேலே ஒரு மாடியோ, பக்கத்தில் ஒரு போர்ஷனோ கட்டி வாடகைக்கு விட்டிருந்தால், பெரும்பாலும் காரணம் மீட்டர் பெட்டிக்குள் இருக்கும். இரண்டு மூன்று வீட்டுக்கும் ஒரே இபி இணைப்பு. தனி இணைப்பு வாங்காமல் விட்டிருப்பார், அதனால் தனித்தனி பில் கொடுக்க முடியாது, அதனால் ‘எல்லாம் சேர்த்து’.

இது ஏன் முக்கியம் என்றால், நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட்டை 2016-இல் இலவசமாக்கினார்கள். அதற்கு மேல் போகப்போக யூனிட் விலை ஏறும், 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் சேர்ந்து மாறிவிடும். கணக்கு புரிய 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம் (2024 ஜூலையில் இன்னும் கொஞ்சம் ஏறியது, ஆனால் கணக்கின் போக்கு அதேதான்). 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101-லிருந்து 200 வரை 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. தாண்டிவிட்டால் 101-லிருந்து 400 வரை மொத்தமும் 4.50, அடுத்த நூறு 6, அதற்கடுத்த நூறு 8, பிறகு 800 வரை 9, ஆயிரம் வரை 10, அதற்கும் மேலே 11.

இப்போது பாருங்கள். இரண்டு வீடு, வீட்டுக்கு 300 யூனிட், தனித்தனி மீட்டர். ஒரு வீட்டுக்கு 225-உம் 450-உம் சேர்த்து 675 ரூபாய், இரண்டுக்கும் 1,350. அதே இரண்டு வீடும் ஒரே மீட்டரில் இருந்தால் 600 யூனிட், பில் 2,750. யாரும் ஒரு விளக்குகூட அதிகமாகப் போடவில்லை, ஆனால் பில் இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் 1,400 ரூபாய் உங்கள் வாடகைக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. ஓனர் தரும் சலுகை என்று நாம் நினைக்கிறோம், தனி இணைப்பு வாங்காமல் விட்டதன் செலவை மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் முதல் கேள்வி இதுதான்: “சார், இந்த வீட்டுக்குத் தனி சர்வீஸா, இல்ல ஒரே சர்வீஸா?” தனி சர்வீஸ், அதாவது தனி மின் இணைப்பு என்றால் என் யோசனை, இபி பில்லை நீங்களே கட்டுவதாகச் சொல்லி வாடகையைக் குறைத்துப் பேசுங்கள். ஒரே சர்வீஸ் என்றால்தான் இந்த வழிகாட்டியின் மீதி உங்களுக்கு அதிகம் தேவைப்படும்.

2. உங்கள் யூனிட் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் பேரம் பேசப் போவது, சட்டை அளவு தெரியாமல் கடைக்குப் போவது மாதிரி. இப்போது இருக்கும் வீட்டின் பழைய பில் இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லையென்றால் மனக்கணக்கு போதும்.

75 வாட் சாதாரண ஃபேன் மூன்று, நாளுக்குப் பத்து மணி நேரம் என்றால் 2.25 யூனிட், இரண்டு மாதத்துக்கு 135. ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட், அது ஒரு 60 முதல் 90. இரண்டு கிலோவாட் கீசர் அரை மணி நேரம் போட்டால் ஒரு யூனிட். ஒன்றரை டன் ஏசி, அதன் வகையையும் வெப்பநிலையையும் பொறுத்து ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு ஆறிலிருந்து பத்து யூனிட் வரை இழுக்கும். எட்டு என்று வைத்தால் இரண்டு மாதத்தில் 480. பார்த்தீர்களா, மற்றதெல்லாம் சேர்ந்து செய்யாததை ஏசி ஒன்று செய்துவிடும். சென்னையில் மின்சாரம் சேர்த்து வாடகை என்றால் உண்மையில் ஏசி சேர்த்தா இல்லையா என்பதுதான் கேள்வி, மீதியெல்லாம் சில்லறை.

ஒரு சின்னக் குடும்பம், கோடையில் இரண்டு பில் 900 யூனிட், மீதி நான்கு பில் 350 யூனிட் என்று வைப்போம். மேலே சொன்ன கட்டணத்தில் 900-க்கு 5,550 ரூபாய், 350-க்கு 900 ரூபாய். வருஷத்துக்கு 14,700, அதாவது மாதம் 1,225. இப்போது ஓனர் ‘தனி என்றால் பதினஞ்சு, சேர்த்து என்றால் பதினெட்டு’ என்கிறார். மின்சாரம் மட்டும்தான் சேர்ப்பு என்றால், மாதம் 1,225 செலவுக்கு 3,000 கொடுக்கிறீர்கள். அதே 3,000-இல் மெயின்டனன்ஸும் லாரித் தண்ணியும் அடங்கும் என்றால் கணக்கு வேறு, சில அபார்ட்மென்டுகளில் மெயின்டனன்ஸ் மட்டுமே அந்த அளவுக்கு வந்துவிடும். ஆக, தனி விலை என்ன, சேர்த்த விலை என்ன என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஓனர் ஒரு விலைதான் சொல்வார். “நான் கரன்ட் பில் கட்டிக்கிறேன்னா எவ்வளவு குறைப்பீங்க?” என்று கேட்டால் இன்னொரு விலையும் தானாக வரும்.

தனியாக இருப்பவர், ஏசி இல்லை, பகல் முழுக்க ஆபீஸில் என்றால் உங்களுக்குச் சேர்ப்பு வாடகை எப்போதுமே நஷ்டம். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் ஓட்டுபவரின் பில் ஒரு டீக்கடைக் கணக்குக்குள் முடிந்துவிடும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர், பகலிலும் ஏசி போடுபவர் என்றால் சேர்ப்பு வாடகை லாபம்தான், அந்த லாபம் ஓனர் படியேறி வரும் வரைக்கும்.

3. மீட்டர் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிடம்

வீடு பார்க்கப் போகும்போது எல்லோரும் ஜன்னலைத் திறக்கிறோம், குழாயைத் திறக்கிறோம், கிச்சன் மேடையைத் தட்டிப் பார்க்கிறோம். யாரும் மீட்டர் பெட்டியைத் திறப்பதில்லை. திறந்து பாருங்கள். எத்தனை மீட்டர் இருக்கிறது, எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணுங்கள். மின்வாரிய மீட்டர் எது, ஓனரே வாங்கி மாட்டிய சப் மீட்டர் எது என்று கேளுங்கள். சர்வீஸ் எண்ணைப் பெட்டியிலோ இபி கார்டிலோ பார்த்துக் குறித்துக்கொண்டால், மின்வாரியத் தளத்தில் பில் நிலவரம் பார்க்கலாம். பாக்கி இருக்கிறதா என்பதாவது தெரியும்.

அப்புறம் ஒரு சோதனை, இதை மட்டும் விடாதீர்கள். உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை ஆஃப் செய்யச் சொல்லிவிட்டு உங்களுடையது என்று சொல்லப்படும் மீட்டரைப் பாருங்கள். அதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, கரன்ட் ஓடும்போது விட்டுவிட்டு மினுக்கும். மெயினை அணைத்தபிறகும் மினுக்கினால், அந்த மீட்டரில் இருந்து வேறு எதற்கோ கரன்ட் போகிறது. நான் அடுத்து எடுத்த வீட்டில், தனி சர்வீஸ் என்று நம்பி குடிபோய், மூன்றாவது பில்லில்தான் சந்தேகம் வந்து இதைச் செய்து பார்த்தேன். மெயின் அணைந்திருக்கிறது, விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. கீழே போய்ப் பார்த்தால் சம்ப்பிலிருந்து மேல் டேங்குக்குத் தண்ணி ஏற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு வீட்டுக்கும் என் மீட்டரிலிருந்து தண்ணி. ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட், நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 60. எனக்கு அந்த 60 யூனிட் பெரிதில்லை, அதைச் சேர்த்ததில் 500-ஐத் தாண்டியதுதான் பெரிது. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்.

ஓனரிடம் சொன்னபோது அவருக்கே தெரியாதாம், வயரிங் செய்தவர் அப்படிக் கொடுத்துவிட்டாராம். நம்பினேன், வேறென்ன செய்வது.

அபார்ட்மென்ட் என்றால் மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்குக்கெல்லாம் பொது மீட்டர் ஒன்று தனியாக இருக்கும். அதற்குக் கட்டணமும் தனி, இலவச யூனிட் கிடையாது. 2022-இல் இது யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆனது. பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத சின்னக் குடியிருப்புகளுக்கு 2023 அக்டோபரில் 5.50 என்று குறைத்தார்கள். இந்தப் பொது பில் மெயின்டனன்ஸில் வருகிறதா, வீட்டுக்கு வீடு பிரிக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

மீட்டர் பெட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

4. தண்ணீர்: இங்கேதான் நிதானம் வேண்டும்

மின்சாரத்துக்கு மீட்டராவது இருக்கிறது, பெரும்பாலான வீடுகளில் தண்ணீருக்கு அதுவும் இல்லை. ‘தண்ணி பிரச்சினையே இல்ல சார்’ என்று சென்னையில் சொல்லாத ஓனரை நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் வீடு பார்க்கப் போனால் அது உண்மையாகவும் இருக்கும்.

நான்கு வகைத் தண்ணீர் இருக்கிறது: மெட்ரோ வாட்டர், போர் தண்ணி, லாரித் தண்ணி, கேன் தண்ணி. ஓனர் ‘தண்ணி சேர்த்து’ என்றால் பெரும்பாலும் முதல் இரண்டைத்தான் சொல்கிறார். மே மாதம் போர் வற்றினால் லாரிக்கு யார் காசு என்பதுதான் உண்மையான கேள்வி. நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசு திட்டமிடும் கணக்கு. நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 540 லிட்டர். அப்படிப் பார்த்தால் 12,000 லிட்டர் லாரி ஒன்று ஒரு குடும்பத்துக்கு 22 நாள் வரும், ஆறு குடும்பம் இருக்கும் குடியிருப்புக்கு நான்கு நாள்கூட வராது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு கிடந்தபோது லாரி புக் செய்து நாள்கணக்கில் காத்திருந்த குடியிருப்புகள் உண்டு, காசு இருந்தும் தண்ணி இல்லை. ஓஎம்ஆர் பக்கம் பல பெரிய குடியிருப்புகள் வருஷம் முழுக்கவே லாரியை நம்பி ஓடுபவை. அங்கே ‘தண்ணி சேர்த்து’ என்பதற்கு விலை அதிகம், அதனால் அந்த வாக்குறுதியை எழுத்தில் வாங்குவதற்கும் மதிப்பு அதிகம்.

நேரில் செய்ய வேண்டியது: பாத்ரூமில் சோப்பு போட்டுக் கை கழுவிப் பாருங்கள். நுரை வராமல் பிசுபிசுவென்று நின்றால் உப்புத் தண்ணி. குழாய் வாயில், ஷவர் துளையில், டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். முகர்ந்து பாருங்கள், இரும்பு வாடை தெரியும். உப்புத் தண்ணி என்றால் வீட்டை விட்டுவிட வேண்டும் என்றில்லை. ஆனால் கீசரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் கெடும், குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்க வேண்டும், 20 லிட்டர் கேன் வாரத்துக்கு எத்தனை என்று உங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள். எந்த ஓனரும் கேனை வாடகையில் சேர்ப்பதில்லை.

மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள், யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் மட்டும் போட்டு, ஓனர் ஊருக்குப் போனால் சாவியும் போய்விடும் வீடுகள் இருக்கின்றன. அவர் திருப்பதி போனால் நமக்கு மொட்டை.

இதையெல்லாம் ஓனரிடம் கேட்பதைவிடத் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்பது மேல். எந்த வீட்டுக்கு லாரி வருகிறது, எந்த வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டு சட்டை கொடுத்துவிட்டுப் பேச்சு கொடுங்கள். “மே மாசம் எப்படிண்ணே?” என்ற ஒரு கேள்வி போதும்.

5. யாரும் சொல்லாத சில்லறைகள்

பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத புறநகர்த் தெரு என்றால் கழிவுநீர்த் தொட்டி நிரம்பும், லாரி வரவழைக்க வேண்டும், அந்தக் காசு யாருடையது என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டு ஒருமுறை தீபாவளிக்கு முதல் நாள் கட்டினேன். கேஸ் சிலிண்டர் எங்கேயும் சேராது, வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி உங்கள் பெயரிலேயே இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். ‘வைஃபை ஃப்ரீ’ என்றால் ஓனர் வீட்டு ரூட்டரின் பாஸ்வேர்டு என்று பொருள், உங்கள் அறையில் நின்று ஒரு வீடியோ அழைப்பு போட்டுப் பாருங்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர் அதை நம்ப வேண்டாம். சொத்து வரி ஓனருடையது, அதை மெயின்டனன்ஸ் என்ற பெயரில் நம் பக்கம் தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். குப்பை, படிக்கட்டு பெருக்குவது, வாட்ச்மேனுக்குத் தீபாவளி காசு, இதெல்லாம் போகிற போக்கில் கேட்டுவிடுங்கள்.

6. பேரம் பேசுவது

சேர்ப்பு வாடகையில் மூன்று விதம் உண்டு. ஒன்று, எவ்வளவு ஓட்டினாலும் ஒரே தொகை. கேட்க அழகு, ஆனால் கோடையில் இதுதான் முதலில் உடையும். உங்கள் ஏசி சத்தத்தை ஓனர் எண்ண ஆரம்பித்துவிடுவார், பத்து மணிக்கு மேல் விளக்கு எரிந்தால் கேள்வி வரும். இரண்டு, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்பது. சென்னையில் எட்டு, பத்து என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். இங்கே நியாயமான வழி ஒன்றுதான்: வந்த மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் விலை. முன்னே சொன்ன 600 யூனிட், 2,750 ரூபாய் பில்லில் அது 4.58 ரூபாய். பத்து ரூபாய் வாங்குபவர் உங்கள் காசில் தன் வீட்டு பில்லையும் கட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது, ஒரு வரம்பு வரை சேர்ப்பு, தாண்டினால் யூனிட் கணக்கு. எனக்குப் பிடித்தது இதுதான். ஓனருக்குப் பயம் போகும், நமக்குச் சுதந்திரம் கிடைக்கும், சண்டை வந்தால் எண்ணை வைத்துப் பேசலாம்.

வீடு பிடித்துவிட்டது என்றால் அன்றைக்கே டோக்கன் கொடுக்காமல், வீட்டுக்கு வந்து ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். நான் இப்போது அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம் சார். இன்னைக்கு மாடி வீடு பார்த்தேன், பிடிச்சிருக்கு. நாம பேசினது சரியா இருக்கான்னு ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க. வாடகை 16,500. அதுல ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் வரைக்கும் கரன்ட், மெட்ரோ வாட்டர், போர் தண்ணி, மோட்டார், படிக்கட்டு லைட், செப்டிக் டேங்க் எல்லாம் சேர்ந்தது. படுக்கை அறையில ஏசி போடுவேன். 300-க்கு மேல போனா மொத்த பில்லை யூனிட்டால வகுத்து வர்ற விலைக்கு நான் தர்றேன். லாரித் தண்ணி வாங்கினா பாதிப்பாதி. அட்வான்ஸ் மூணு மாசம்.”

அவர் ‘சரி தம்பி’ என்று பதில் போட்டாலே பாதி வேலை முடிந்தது. மழுப்பினால், எந்த வரியில் மழுப்புகிறாரோ அந்த வரியில்தான் பின்னால் சண்டை வரும். நேரில் பேசும்போது தெரியாத விஷயம் இந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன். சேர்ப்பு வாடகையில் கமிஷன் எந்தத் தொகைக்கு என்று பேசுங்கள், கரன்ட் காசுக்கும் சேர்த்துக் கமிஷன் கொடுக்க நாம் என்ன நேர்த்திக்கடனா வைத்திருக்கிறோம்.

7. ஒப்பந்தம் எழுதும்போது

தமிழ்நாட்டில் இப்போது இருப்பது 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும், அதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் இன்னும் ஸ்டாம்ப் பேப்பரில் 11 மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். 11 மாதம் என்ற பழக்கம் பத்திரப் பதிவுச் சட்டத்தால் வந்தது, ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பதிவு கட்டாயம் என்பதால். புதிய வாடகைச் சட்டத்துக்கு அந்தத் தந்திரம் பொருந்தாது.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது, கூடவே ‘வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர’ என்றும் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அந்த இடைவெளியில்தான். சேர்ப்பு வாடகையில் இதற்கு ஒரு கூடுதல் வலி உண்டு: அட்வான்ஸைச் சேர்த்த தொகைக்குக் கணக்கிடுவார்கள். 15,000 வீட்டுக்கு 18,000 என்று பேசிப் பத்து மாதம் என்றால், கரன்ட் காசுக்கும் முப்பதாயிரம் அட்வான்ஸ் கட்டுகிறீர்கள். ‘அட்வான்ஸ் அடிப்படை வாடகைக்கு மட்டும்’ என்று கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். வருஷா வருஷம் ஏற்றும் வாடகைக்கும் இதே கதைதான், ஐந்து சதவீதமோ பத்து சதவீதமோ எந்தத் தொகை மேல் என்று எழுதுங்கள். அதற்காகவே ஒப்பந்தத்தில் அடிப்படை வாடகை இவ்வளவு, சேர்ப்புச் செலவுக்கு இவ்வளவு என்று இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது. வரிச் சலுகைக்கு வாடகை ரசீது காட்டுபவர்கள் ரசீது எந்தத் தொகைக்கு வரும் என்பதையும் இங்கேயே பேசிவிட வேண்டும். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஆபீஸில் ஓனரின் பான் எண் கேட்பார்கள், அதைக் கேட்டதும் முகம் மாறும் ஓனர்கள் நிறைய.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய அந்தப் பட்டியலை அப்படியே ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள். ‘மின்சாரம் மற்றும் தண்ணீர் வாடகையில் அடங்கும்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் மறுபடியும் ‘எல்லாம்’ கதைதான். டாக்குமென்ட் எழுதுபவர் தன்னிடம் இருக்கும் பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றித் தருவார், அதில் ‘மின்கட்டணம் வாடகைதாரரைச் சேர்ந்தது’ என்ற வரி அப்படியே இருக்கும். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியும் படியுங்கள், எனக்கு இது நடந்திருக்கிறது.

தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று: என்ன சண்டையாக இருந்தாலும் ஓனர் கரன்டையோ தண்ணியையோ நிறுத்தக்கூடாது. அத்தியாவசியச் சேவைகளை நிறுத்துவதை இந்தச் சட்டம் தடை செய்கிறது, நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். ஒரே மீட்டர் வீட்டில் ஃபியூஸ் ஓனரின் கையில் இருக்கும் என்பதால் இதைச் சொல்கிறேன். ரிப்பேர் யாருடையது என்பதற்கும் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர். குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர் மாதிரிச் சின்ன வேலைகள் நாம். ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாத வரைக்கும்தான் இது. காலி செய்யும்போது ‘பெயின்ட் காசு’ என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் சென்னைப் பழக்கம், பெரும்பாலும் ஒப்பந்தத்தில் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகத்தான் இருக்கும்.

8. சாவி வாங்கும் நாளும், அதற்குப் பிறகும்

சாமான் இறக்கும் முன் மீட்டரை ஃபோட்டோ எடுங்கள், சப் மீட்டர் இருந்தால் அதையும். தேதியோடு ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். இபி கணக்கு இரண்டு மாதச் சுற்றில் ஓடுவதால் நீங்கள் நடுவில் போயிருப்பீர்கள், முந்தைய குடித்தனக்காரரின் யூனிட் உங்கள் தலையில் விழாமல் இருக்க இந்த ஒரு ஃபோட்டோ போதும். வரம்பு பேசியிருந்தால் மாதம் ஒருநாள், சம்பளம் வரும் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரீடிங் பார்த்துக் குறித்துவிடுங்கள். ஏப்ரலில் ஓனர் வரும்போது உங்களிடம் எண் இருக்க வேண்டும்.

காசு கையில் கொடுக்காதீர்கள், யுபிஐயில் அனுப்பி ‘ஜூன் வாடகை, கரன்ட் உட்பட’ என்று குறிப்பு போடுங்கள். கூடுதல் யூனிட்டுக்குக் காசு கேட்டால் அந்த மாத இபி பில்லை அனுப்பச் சொல்லிக் கொடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, “பில்லு ஒண்ணு அனுப்பிடுங்க சார், போட்டுடறேன்” என்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

9. காலி செய்யும்போது

நோட்டீஸ் ஒரு மாதமா இரண்டு மாதமா என்பது ஒப்பந்தப்படி. அதைவிடத் தொல்லை தருவது கடைசி பில். நீங்கள் 5-ஆம் தேதி காலி செய்வீர்கள், கணக்கெடுப்பு 20-ஆம் தேதி வரும், ‘பில் வரட்டும் தம்பி, அட்வான்ஸ் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பார். முழு அட்வான்ஸையும் பிடித்து வைக்க விடாதீர்கள். காலி செய்யும் நாள் இரண்டு பேரும் சேர்ந்து ரீடிங் பாருங்கள், முந்தைய கணக்கெடுப்பிலிருந்து எத்தனை யூனிட் என்று கழித்து, அதற்கு இரண்டாயிரமோ மூவாயிரமோ மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியைச் சாவி கொடுக்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். பில் வந்ததும் மிச்சத்தை யுபிஐயில் அனுப்பட்டும்.

மடிப்பாக்கத்து ஓனர் அந்தக் கடைசிப் பாக்கியை அனுப்ப ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். 640 ரூபாய் வந்தது. குறிப்பில் ‘எல்லாம் சேர்த்து’ என்று போட்டிருந்தார்.